ஒரே இருமல், மூன்று விதமான ஆராய்ச்சி

பிஎச்.டி. செய்கிற பிள்ளையைக் கல்யாண வீட்டில் பார்த்தால் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்னப்பா கண்டுபிடிச்சே?" அடுத்தது, "எப்ப முடியும்?" இரண்டாவதற்கு யாரிடமும் பதில் கிடையாது, அதை விட்டுவிடலாம். முதல் கேள்விக்கு வேதியியலோ மருந்தியலோ படிக்கிறவர் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிச் சமாளித்துவிடுவார். மாட்டிக்கொள்வது தமிழ் இலக்கியமும் வரலாறும் படிக்கிறவர்கள்தான். பழைய சிறுகதைகளை ஒப்பிட்டுப் படிக்கிறேன், கல்வெட்டில் நிலவரி பற்றிப் பார்க்கிறேன் என்று சொன்னால், "அதான் ஏற்கெனவே எழுதி வெச்சிருக்கே, அதுல ஆராய என்ன இருக்கு?" என்று அடுத்த குண்டு விழும். ஆராய்ச்சி என்றாலே வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குடுவையும் என்று நமக்குப் பழகிவிட்டது.

உண்மையில் ஆராய்ச்சி என்பது ஒரே வேலை இல்லை. எதைக் கேட்கலாம், எதைச் சான்றாக ஏற்கலாம், எப்போது ஒருவர் சொன்னது தவறு என்று தள்ளலாம், இந்த மூன்றும் துறைக்குத் துறை மாறும். இதை இப்படியே பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் தூக்கம்தான் வரும் என்பதால் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்: காசநோய். நாம் டி.பி. என்று சொல்கிற அதே நோய். இதை மருத்துவர் எப்படி ஆராய்கிறார், வரலாற்றாளர் எப்படி ஆராய்கிறார், இலக்கியம் படிக்கிறவருக்கு இதில் என்ன வேலை என்று பார்த்தால் மற்ற நோய்களுக்கும், ஏன், மற்ற துறைகளுக்கும் கூட அதுவே ஓரளவு வழி காட்டும்.

மருத்துவம் முதலில். ஒரு மருந்து வேலை செய்கிறதா இல்லையா? கேட்கச் சுலபமான கேள்வி. "நான் கொடுத்தேன், அவருக்குக் குணமானது" என்று ஒரு மருத்துவர் சொன்னால் அது அனுபவம், அதற்கு மதிப்பும் உண்டு. ஆனால் காசநோய் போன்ற ஒரு நோயில் மருந்தே இல்லாமல் தேறியவர்களும் உண்டு, எல்லாம் செய்தும் போய்ச்சேர்ந்தவர்களும் உண்டு. அதோடு மருத்துவரும் மனிதர்தானே, பிழைப்பார் என்று தோன்றுகிறவருக்கே புது மருந்தைக் கொடுக்க அவர் கை போகும், அவரும் பிழைப்பார், பெயர் மருந்துக்குப் போகும். மருந்து நல்லதா, ஆளே திடமானவரா என்று பிறகு யார் பிரிப்பது?

1943-இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் முதல் நல்ல மருந்து. போர் முடிந்த பிரிட்டனிடம் அதை வாங்க டாலர் இல்லை, வந்து சேர்ந்ததும் கொஞ்சம்தான். எல்லாருக்கும் கொடுக்க மருந்து இல்லாதபோது, யாருக்குக் கொடுப்பது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கலுக்கு விட்டால் என்ன என்று புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் ஒரு ஏற்பாட்டைச் செய்தார். 107 நோயாளிகள். 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு மருந்து, 52 பேருக்கு அன்றைய வழக்கப்படி படுக்கை ஓய்வு மட்டும். யார் எந்தப் பக்கம் என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. நோயாளியைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவான பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு இது எந்தக் குழு ஆளின் நெஞ்சு என்று தெரியாது. ஆறு மாதம் கழித்து மருந்து வாங்கிய 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள், மற்ற 52 பேரில் 14 பேர். 1948 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வந்தது. இன்று மருத்துவ ஆய்வு என்றால் நினைவுக்கு வருகிற குலுக்கல் முறைச் சோதனைக்கு இதைத்தான் முன்னோடியாகக் காட்டுவார்கள். நோயாளிகளிடம் நீங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறீர்கள் என்று அப்போது சொல்லவில்லை. இன்று அப்படிச் செய்தால் வேலை போகும், வழக்கும் வரும். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் கையெழுத்தும் இல்லாமல் ஊசியைத் தொட முடியாது.

இந்தக் கதையில் பலரும் சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று உண்டு. ஒரே மருந்தை மட்டும் கொடுத்ததால் கிருமிகள் அதற்குப் பழகி எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டன. தேறியவர்களில் பலர் அடுத்தடுத்த ஆண்டுகளில் மறுபடி விழுந்தார்கள், இரண்டு குழுக்களுக்கும் இருந்த வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்ற பாடம் அதிலிருந்துதான் வந்தது. ஆகவே "ஆய்வில் நிரூபணம்" என்று செய்தித்தாளில் பார்த்தால், எத்தனை நாள் கவனித்த ஆய்வு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆறு மாதத்தில் உண்மையாக இருந்தது ஐந்து வருடத்தில் பாதி உண்மையாகிவிடலாம்.

இனி நம்மூர். சென்னையில் மின்சார ரயிலில் போகிறவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் நிலையம் தெரிந்திருக்கும். மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் ஊருக்கு வெளியே நல்ல காற்று, ஓய்வு, முட்டையும் பாலுமாகச் சாப்பாடு. அதற்கென்று கட்டிய இடம்தான் சானடோரியம். மருந்து வந்த பிறகும் இந்த எண்ணம் போகவில்லை. சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்தால்தான் குணம் என்று மருத்துவ உலகமே நம்பியது. இந்தியாவில் இருந்த படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சரி, படுக்கை இல்லாத மற்றவர்கள் சாக வேண்டியதுதானா?

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து நடத்தியது; இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் பொறுப்பில் இருந்தார். நகரத்து ஏழை நோயாளிகள், இருநூறுக்குச் சற்றுக் குறைவானவர்கள், குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு. இன்னொரு பாதி, அதே மாத்திரைகளோடு, நெரிசலான தங்கள் வீட்டுக்கே. ஒரு வருட சிகிச்சை. வீட்டில் இருப்பவர் மாத்திரையை விழுங்குகிறாரா, ஜன்னல் வழியே எறிகிறாரா என்று எப்படித் தெரியும்? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரை வாங்கி மருந்து இருக்கிறதா என்று சோதித்தார்கள். நோயாளி சொல்வதை நம்பாமல் இருப்பது இங்கே மரியாதைக் குறைவு ஆகாது, அது வேலையின் ஒரு பகுதி.

முடிவு 1959-இல் வந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், அதிகம் ஓய்வெடுத்தார்கள், எடையும் கூடினார்கள். வீட்டில் இருந்தவர்கள் அரைகுறையாகச் சாப்பிட்டு வேலையும் பார்த்தார்கள். குணமானவர்களின் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூட இருந்த குடும்பத்தாருக்கும் இதனால் நோய் கூடுதலாகத் தொற்றிவிடவில்லை என்பது தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. 1962-இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டிலேயே சிகிச்சை என்ற அடிப்படையில் எழுந்தது. மற்ற நாடுகளும் மெல்ல அந்த வழிக்கு வந்தன. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியானதில் சேத்துப்பட்டுக்கும் பங்கு உண்டு. எனக்கு இதில் பிடித்தது, இந்த ஆய்வு எதையும் "கண்டுபிடிக்கவில்லை" என்பதுதான். வித்தியாசம் இல்லை என்று காட்டியது, அவ்வளவே. கல்யாண வீட்டில் இதை ஒரு கண்டுபிடிப்பு என்று சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

வரலாற்றுக்கு வருவோம். இங்கே உறையும் இல்லை, குலுக்கலும் இல்லை. நடந்தது ஒரு தடவைதான் நடந்தது, அதை மறுபடி நடத்திப் பார்க்க முடியாது. அதே சேத்துப்பட்டில், ஆய்வு மையம் வருவதற்கு 36 ஆண்டுகளுக்கு முன், 1920 ஏப்ரல் 26 அன்று கணித மேதை ராமானுஜன் இறந்தார். வயது 32. என்ன நோய்? காசநோய் என்றுதான் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வருகிறோம். 1917-இல் கேம்பிரிட்ஜில் படுத்தவர், குடற்புண் என்றும் காசநோய் என்றும் மருத்துவர்கள் மாற்றி மாற்றிச் சொல்ல, ஒரு மருத்துவ விடுதியிலிருந்து இன்னொன்றுக்கு அலைந்தார். அவர் தங்கிய இடங்களில் ஒன்று மெண்டிப் குன்றுகளில் இருந்த சானடோரியம். அதை நடத்தியவர் டேவிட் சௌரி முத்து என்ற நம்மூர் மருத்துவர். இவரேதான் பிறகு ஊர் திரும்பி 1928-இல் தாம்பரத்தில் சானடோரியத்தைத் தொடங்கியவர். ரயில் நிலையப் பெயருக்குப் பின்னால் இப்படி ஓர் ஆள் இருக்கிறார்.

1994-இல் ராயல் சொசைட்டியின் வரலாற்று இதழில் டி. ஏ. பி. யங் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். ராமானுஜனுக்கு இருந்தது காசநோய் இல்லை, கல்லீரலைத் தாக்கும் அமீபா நோய் என்பது அவர் வாதம். அவரிடம் ரத்த மாதிரி இல்லை, சளி இல்லை, எக்ஸ்ரே இல்லை, உடலும் இல்லை. இருந்தவை கடிதங்கள், மருத்துவர்கள் விட்டுச்சென்ற குறிப்புகள், நண்பர்கள் எழுதியவை. காய்ச்சல் எப்படி விட்டு விட்டு வந்தது, எந்த மருத்துவர் எதைப் பார்த்து எதைச் சந்தேகித்தார், அப்புறம் 1906-இல் சென்னையில் படிக்கும்போது ராமானுஜனுக்குக் கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்ததே, அந்தக் கிருமி பல ஆண்டுகள் உடம்பில் பதுங்கியிருந்து கல்லீரலுக்குப் போகக்கூடியதுதானே என்று ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு போகிறார். பலர் இதை ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் சேத்துப்பட்டு ஆய்வு முடிந்தது போல இது முடியாது. நாளைக்கே யார் வீட்டுப் பரணிலாவது ஒரு மருத்துவரின் கடிதம் கிடைத்தால் வழக்கு மறுபடி திறக்கும். வரலாற்றில் முடிவு என்பது, இன்றைக்குக் கையில் இருக்கிற சான்றுகளையெல்லாம் வேறெந்த விளக்கத்தையும் விட நன்றாகக் கூட்டிச்சேர்க்கிற விளக்கம்.

இதில் வரலாற்றாளரின் கைத்திறன் எங்கே இருக்கிறது என்றால், தாளை நம்புவதற்கு முன் தாளை எழுதியவரைப் பார்ப்பதில். எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய அரசாணைக் கட்டுகளைப் பிரித்தால் மருத்துவமனைகளின் ஆண்டறிக்கைகள் கிடைக்கும். ஓர் அறிக்கையில் இவ்வளவு பேர் குணமடைந்து வீடு திரும்பினார்கள் என்றிருக்கும். இதை எழுதியவர் யார்? அடுத்த ஆண்டுக்குப் பணம் கேட்கிற மருத்துவமனைக் கண்காணிப்பாளர். "குணம்" என்று அவர் எதைச் சொன்னார்? சாகப்போகிறவரை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிட்டால் சாவு அறிக்கையில் ஏறாது. இப்படிக் கேட்டுக்கொண்டே படிக்கத் தெரிந்தவருக்குப் பொய் சொல்லும் அறிக்கையும் பயன்படும், ஏனென்றால் எதற்காகப் பொய் சொன்னார்கள் என்பதே அந்தக் காலத்தைப் பற்றிய ஒரு தகவல்.

எண்களை வைத்துச் செய்யும் வரலாறும் உண்டு, அது மருத்துவத்தையே கலக்கிவிட்டது. தாமஸ் மெக்கியோன் என்பவர் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இருந்த இறப்புப் பதிவுகளை அடுக்கிப் பார்த்தார். காசநோய்ச் சாவு ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. மருந்து வந்தபோது சரிவின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. அப்படியென்றால் மக்களைக் காப்பாற்றியது மருத்துவர்கள் இல்லை, வயிறு நிறையச் சாப்பாடு கிடைத்ததுதான் என்றார். மருத்துவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1988-இல் சைமன் ஷ்ரெட்டர் என்ற வரலாற்றாளர் அதே காலத்தை மறுபடி ஆராய்ந்து, சாப்பாடு என்று நேரடியாகக் காட்ட உங்களிடம் சான்று எங்கே, மற்றதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சம் இருப்பது சாப்பாடு என்கிறீர்கள், உள்ளாட்சிகள் போராடிக் கொண்டுவந்த சுத்தமான குடிநீர், வடிகால், வீட்டு வசதிச் சட்டங்களை எங்கே போட்டீர்கள் என்று கேட்டார். இந்தச் சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை.

இங்கே கவனமாகப் படித்தவருக்கு ஓர் உறுத்தல் வந்திருக்க வேண்டும். சேத்துப்பட்டு ஆய்வு நல்ல சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் குணமாகும் என்கிறது; மெக்கியோனோ சாப்பாடுதான் எல்லாம் என்கிறார். யார் சரி? இரண்டு பேரும் கேட்ட கேள்வியே வேறு. சேத்துப்பட்டு கேட்டது, நோய் வந்து மருந்தும் சாப்பிடுகிற ஒருவருக்குச் சாப்பாடு எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்று. மெக்கியோன் கேட்டது, மருந்தே இல்லாத காலத்தில் ஒரு நாடு முழுவதும் சாவு ஏன் குறைந்தது என்று. இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முரண்பாடு என்று கத்துகிறவர்கள் பெரும்பாலும் கேள்வியைப் படிக்காமல் பதிலை மட்டும் படித்தவர்கள். இது எங்கே போய் முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இலக்கியம். ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு வெளிவந்த அதே 1948-இல் புதுமைப்பித்தன் காசநோயில் இறந்தார், 42 வயது. சினிமா வேலையாகப் புனே போனவர் நோயோடு திரும்பினார், திருவனந்தபுரத்தில் முடிந்தது. இலக்கிய ஆய்வாளர் இந்த நோயை வைத்து என்ன செய்வார்? நோயைப் பற்றி அவருக்குச் சொல்ல அதிகம் இல்லை. அவர் பார்ப்பது எழுத்தை.

'செல்லம்மாள்' என்று புதுமைப்பித்தனின் கதை ஒன்று உண்டு. சென்னையில் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, அவருடைய சீக்காளி மனைவி செல்லம்மாள். அவள் உயிர் பிரிவதில்தான் கதை தொடங்குகிறது, அப்புறம் பின்னால் போகிறது. ஒரு மருத்துவர் இதைப் படித்தால், செல்லம்மாளுக்கு என்ன வியாதி என்று கை பரபரக்கும். வரலாற்றாளர் படித்தால், தெற்கத்தி ஊரிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு கடைச் சிப்பந்தி எங்கே குடியிருந்தார், சம்பளத்தில் வைத்தியம் பார்க்க முடிந்ததா என்று பார்ப்பார். இலக்கிய ஆய்வாளரின் கேள்வி வேறு: சாவை முதலிலேயே சொல்லிவிட்டால் வாசகருக்குப் பிழைப்பாளா என்ற பதைப்பு போய்விடுமே, அதை வேண்டுமென்றே ஏன் தூக்கிப் போட்டார்? பிழைப்பாளா என்ற கேள்வி போன இடத்தில் வாசகர் கண் எதன் மேல் விழுகிறது? கணவன் வெந்நீர் வைப்பதும், கஞ்சி காய்ச்சுவதும், காலைத் தேய்த்து விடுவதும் போன்ற சின்னச் சின்னக் காரியங்கள் முன்னால் வருகின்றன அல்லவா? இப்படிக் கேட்டுப் போகிறவர் தான் சொல்வதற்கு ஒவ்வொரு இடத்திலும் கதையிலிருந்து வரி காட்ட வேண்டும். "எனக்கு அப்படித் தோன்றியது" செல்லாது. இலக்கிய ஆராய்ச்சி என்றால் அவரவர் கருத்துதானே என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: கதையின் பாதி வரிகளோடு முட்டுகிற வாசிப்பு தோற்றுப்போகும், அதைத் தோற்கடிப்பதற்கென்றே அடுத்த ஆய்வாளர் காத்திருப்பார்.

இதிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. காசநோயில் இறந்த எழுத்தாளர், நோயில் சாகும் பெண்ணைப் பற்றிக் கதை எழுதியிருக்கிறார் என்றதும், ஆஹா, சொந்த அனுபவம் என்று முடிச்சுப் போடத் தோன்றும். ஆனால் அந்தக் கதை அவர் புனே போவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. முடிச்சு அவிழ்ந்தது. இது எப்படித் தெரியும் என்றால், எந்தக் கதை எந்தப் பத்திரிகையில் எப்போது வந்தது என்று யாரோ பழைய இதழ்களைத் தேடித் தூசி தட்டிப் பார்த்து எழுதி வைத்ததால் தெரியும். ஆ. இரா. வேங்கடாசலபதி 2000-இல் கொண்டுவந்த புதுமைப்பித்தன் கதைகள் பதிப்பு அந்த மாதிரி வேலை: கதைகளைக் காலவரிசையில் வைத்து, பத்திரிகையில் இருந்த வரி புத்தகத்தில் எப்படி மாறியது என்பதையும் குறித்து வைப்பது. பார்க்கச் சப்பென்று இருக்கும். ஆனால் இந்த அடித்தளம் இல்லாமல் மேலே கட்டுகிற விமர்சனம் எல்லாம் ஒரு தேதியில் சரிந்துவிடும்.

பதிப்பு வேலையின் கஷ்டம் தெரிய ஓலைச்சுவடிக்குப் போக வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோது அவர் கையில் இருந்தவை பல ஊர்களிலிருந்து சேர்த்த ஏடுகள். ஓலையில் புள்ளி வைத்தால் ஓட்டை விழும் என்று புள்ளி வைக்கமாட்டார்கள். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வடிவில் வேறுபாடு இருக்காது. ஆகவே ஓலையில் "எரி" என்று இருப்பது நெருப்பா, நீர் நிற்கும் ஏரியா என்பதைப் பாட்டின் பொருளும் யாப்பும்தான் சொல்ல வேண்டும். துணைக்காலும் ரகரமும் வேறு ஒரே மாதிரி இருக்கும். ஓர் ஏட்டில் ஒரு சொல், இன்னொன்றில் வேறு சொல், மூன்றாவதில் அந்த இடத்தைச் செல் அரித்திருக்கும். எதை எடுப்பது? அதிக ஏடுகளில் இருப்பதை எடு என்பது விதி ஆகாது, ஒரே தப்பான ஏட்டைப் பார்த்துப் பத்துப் பேர் எழுதியிருக்கலாம். சிந்தாமணி சமண நூல், ஐயரோ சைவ மடத்தில் படித்தவர். அதனால் கும்பகோணத்தில் இருந்த சமணர்களிடம் போய் அவர்கள் வழக்கங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பொருள் கண்டார். இன்றைய பல்கலைக்கழகத்தில் இதைக் களஆய்வு என்பார்கள், தனி அத்தியாயமே எழுதச் சொல்வார்கள்.

இலக்கியத்தில் எண்ணிக்கையும் உண்டு, கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன். அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787, 1788-இல் புனைபெயரில் வந்த 85 கட்டுரைகளில் 12 கட்டுரைகளை எழுதியது அன்றைய அரசியல் தலைவர்கள் ஹாமில்டனா மாடிசனா என்று நெடுநாள் சண்டை. மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் பெரிய பெரிய கருத்துகளை விட்டுவிட்டு, எழுதுகிறவர் கவனிக்காமல் போடுகிற சின்னச் சொற்களை எண்ணினார்கள். ஆங்கிலத்தில் 'அப்பான்' (upon) என்ற சொல்லை ஹாமில்டன் அடிக்கடி போடுவார், மாடிசன் அரிதாகத்தான் போடுவார். இப்படிப் பல சொற்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டு 1964-இல் அந்த 12-ம் மாடிசனுடையவை என்றார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு தமிழிலும் எழுதியவர் பெயர் போடாத பழைய பத்திரிகைக் கட்டுரைகளில் இதை முயல்கிறார்கள். ஓலைச்சுவடி ஆளுக்கும் இந்த ஆளுக்கும் ஒரே துறை, ஒரே பட்டம். வேலையில் ஒற்றுமையைத் தேட வேண்டும்.

இத்தனை வித்தியாசமும் ஏன் தெரிந்திருக்க வேண்டும் என்றால், நம் பல்கலைக்கழகங்கள் எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கப் பார்க்கின்றன. மருத்துவக் கட்டுரை ஒன்றில் இருபது பேர் பெயர் இருக்கும், நாலு பக்கம் இருக்கும், அடுத்த வருடமே நூறு பேர் அதை மேற்கோள் காட்டியிருப்பார்கள். ஒரு நல்ல செம்பதிப்பு, அதாவது பல பிரதிகளை ஒப்பிட்டுத் திருத்திய பதிப்பு, ஒற்றை ஆளின் பத்து வருடம்; அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் மெதுவாக வருவார்கள், முப்பது வருடம் கழித்தும் வருவார்கள். இரண்டையும் ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று எண்ணினால் யார் தோற்பார் என்று சொல்லத் தேவையில்லை. ஆய்வேடு கொடுப்பதற்கு முன் இதழில் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்று இருந்த கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் எடுத்துவிட்டது. அந்தக் கட்டாயம் இருந்த காலத்தில் பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சேற்றித் தரும் இதழ்கள் எப்படிக் கொழித்தன என்று தமிழ்த்துறைப் பக்கம் போய்க் கேட்டால் சொல்வார்கள்.

சரி, சாப்பாட்டுக் கேள்விக்கு வருவோம். நோய் வந்தவருக்கு மருந்து போதும் என்பது ஒரு பக்கம், சாப்பாடு கிடைத்தால் நோயே குறையும் என்பது இன்னொரு பக்கம் என்று பிரிந்து கிடந்த விஷயத்தை, அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரின் குழு ஜார்கண்டில் நேரடியாகச் சோதித்துப் பார்த்தது. நான்கு மாவட்டங்களில், அரசின் காசநோய்த் திட்டம் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருக்கும் 28 காசநோய்ப் பிரிவுகள். ஆளாளுக்குக் குலுக்காமல் பிரிவு பிரிவாகக் குலுக்கினார்கள். பக்கத்து வீட்டுக்கு அரிசி, உனக்கு இல்லை என்று ஒரே தெருவில் சொல்ல முடியாதல்லவா. நோயாளிகள் எல்லாருக்குமே உணவுப் பை உண்டு. ஒரு பக்கத்தில் மட்டும் வீட்டில் கூட இருப்பவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பத்தாரைத் தொடர்ந்து கவனித்ததில், அரிசி பருப்பு வாங்கிய வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைவாக இருந்தது. 2023-இல் லான்செட் மருத்துவ இதழில் இது வந்தது. பழைய இறப்புப் பதிவுகளை வைத்து மெக்கியோன் ஊகமாகச் சொன்னதையும் ஷ்ரெட்டர் சான்று கேட்டதையும் படித்துவிட்டு இந்தத் தாளைப் படித்தால் அதன் அருமை தெரியும்.

அரசு காசநோயாளிகளுக்குச் சாப்பாட்டுச் செலவுக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டது, 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். அந்தப் பணம் நோயாளியின் தட்டுக்குப் போகிறதா, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கா, கடன்காரருக்கா, நோயாளி பெண்ணாக இருந்தால் கணக்கை யார் இயக்குகிறார் என்பதற்குக் குலுக்கல் சோதனை பதில் சொல்லாது, எழும்பூர் ஆவணக் கட்டிலும் இருக்காது. அதற்கு வீடு வீடாகப் போய், திண்ணையில் உட்கார்ந்து, மணிக்கணக்கில் பேச்சுக் கொடுத்து, சொன்னதையும் சொல்லத் தயங்கியதையும் எழுதி வரும் இன்னொரு விதமான ஆய்வாளர் வேண்டும். அது சமூகவியல், மானிடவியல் பக்கம். அந்த வேலையில் ஐம்பது பேரிடம் பேசினாலே பெரிய ஆய்வு. மருத்துவத்துக்காரர் அதைப் பார்த்து, வெறும் ஐம்பது பேரா என்பார்.